கண்ணில் படக்கூடாது என்றுதான் சொன்னார்

செப்டம்பர் 8, 1942. செவ்வாய்

நேற்று சுதந்திர தின ஊர்வலம். பிள்ளைகள் கொடி பிடித்துக்கொண்டு எங்கள் பிக்காடா சாலை முழுக்க நடந்தார்கள். தேசிய கீதத்தின் பின்பாதி வந்ததும் வழக்கம்போல எல்லோரும் வாயை மட்டும் அசைத்தார்கள். நான் ஒருத்திதான் பாடினேன். இன்று தொண்டை கட்டிவிட்டது.

சாயங்காலம் வால்பூர்கா அத்தை வேலி ஓரம் வந்து கூப்பிட்டாள். காலையில் கோழிகளை, இப்போது தடை செய்திருக்கும் ஜெர்மனில் கூப்பிட்டாளாம். அந்த வழியாகப் போன போலீஸ்காரன் குதிரையை நிறுத்தி முறைத்தானாம்.

"கோழிக்குப் போர்ச்சுகீசியம் தெரியாதே ஒலிண்டா, நான் என்னத்தச் செய்ய? உனக்குத்தான் அரசாங்கம் சம்பளம் குடுக்குதே, வந்து என் கோழிக்கும் நாலு எழுத்து சொல்லிக் குடு."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் இரண்டு பேரும் சாலையைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தோம்.

அப்பா அவரைக்காய்க்குக் கொம்பு நட்டார். மழை வரும்போல இருக்கிறது.

செப்டம்பர் 16. புதன்

டவுனிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். துணைப் போலீஸ் அதிகாரி அமாரோவைப் போய்ப் பார்த்தேன். அரசாங்கம் ஜெர்மனிமேல் போர் அறிவித்ததிலிருந்து இந்த மலைப்பக்கம் முழுக்க அவர் பொறுப்பில் இருக்கிறது. காபி கொடுத்தார். நல்ல காபி. பாதி தட்டில் சிந்தியது.

"உங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்துல கல் எல்லாம் ஜெர்மன் எழுத்தா இருக்காமே டீச்சர். மேலிடத்துலேர்ந்து உத்தரவு. கல்லறைத் திருநாளுக்குள்ள அந்த எழுத்து ஒண்ணுகூடக் கண்ணுல படக்கூடாது. சுண்ணாம்பு பூசுவாங்களோ, துணி கட்டுவாங்களோ, எனக்குத் தெரியாது. நீங்கதான் அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும். எனக்கு அவங்க பேச்சும் புரியல, மூஞ்சியும் புரியல."

பிறகு, எழுந்து வரும்போது:

"ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர் உங்க அப்பாதானே? ஏதாவது ஒரு எழுத்து வெளியில தெரிஞ்சா நான் அவரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். வயசானவர். லாக்கப்புல சிமெண்டுத் தரை."

மிரட்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் அதிகம் பயமாக இருந்தது. போன மாதம் போதகரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்; இன்னும் திரும்பவில்லை.

செப்டம்பர் 18. வெள்ளி

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாளாக மழை. பள்ளிச் சுவரில் போன வருடம் அடித்த சுண்ணாம்பு கரைந்து ஓடுகிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 20. ஞாயிறு

எங்கள் சோளக் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு கூடினோம். வீட்டுக்கு ஒருவர். நான் நின்றேன், மற்றவர்கள் மூட்டைகள்மேல் உட்கார்ந்தார்கள். மெதுவான குரலில், நம் ஜெர்மன் பேச்சில் சொன்னேன். எழுத்து தெரியக்கூடாதாம், திருநாளுக்குள்ளாம்.

மளிகைக்கடை கூனோதான் முதலில் கேட்டார். "சுண்ணாம்பு பூசிட்டா போதுமா? போர் முடிஞ்சதும் சுரண்டிக்கலாம்."

எல்லோர் முகமும் கொஞ்சம் தெளிந்தது. மூலையில் மரம் அறுக்கும் எமில் நின்றிருந்தான். அவன் மனைவி இர்மா என் உயிர்த்தோழி. அவள் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவனும் நிமிர்ந்து பார்த்தான்.

எனக்குப் பள்ளிச் சுவர் ஞாபகம் வந்தது. சிமெண்டுத் தரை ஞாபகம் வந்தது. அப்பா மூட்டைமேல் முழங்காலைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"போதாது. கல்லையே எடுத்துடணும்னு சொல்லிட்டாரு," என்றேன்.

"உடைக்கணுமா?"

"உடைச்சாலும் சரி. அங்க ஒரு கல்லும் நிக்கக்கூடாது."

யாரும் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால்? என்னைத் தவிர அங்கே அந்த அதிகாரியின் பேச்சு யாருக்குத் தெரியும்? நான் சொன்னதுதான் உத்தரவு.

செப்டம்பர் 21. திங்கள்

அப்பாவுக்காகத்தான். அப்பாவுக்காகத்தான்.

செப்டம்பர் 26. சனி

இதை எழுத வேண்டும்.

காலையிலேயே எல்லோரும் கல்லறை மேட்டுக்கு வந்துவிட்டார்கள். கடப்பாரை, சம்மட்டி, மாட்டு வண்டி. யாரும் ஆரம்பிக்கவில்லை. மரத்தடியில் கூடி நின்று மாத்தே தேநீர் குடித்துக்கொண்டே இருந்தார்கள். குவளை கைமாறிக் கைமாறிப் போனது. கடைசியில் அப்பா, "நான் தலைவன். நான்தான் தொடங்கணும்," என்று சொல்லிவிட்டு டொரொத்தேயாவின் கல்லுக்குப் போனார்.

எங்கள் ஊரே அவளால் வந்ததுதான். ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்து இறங்கி, படகில் ஆறு தாண்டி, காட்டை வெட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு அரசாங்கம் அளந்து கொடுத்த நிலம் இன்னும் ரொம்ப தூரம் தள்ளி இருந்தது. இந்த மேட்டில் இரவு தங்கியபோது அவளுக்குப் பிரசவ வலி வந்தது. தாயும் போனாள், பிள்ளையும் போனது. இரண்டு பேரையும் ஒரே குழியில் வைத்தார்கள். காலையில் எல்லோரும் கிளம்பினார்கள்; அவள் புருஷன் மட்டும் எழவில்லை. "இவளை இந்தக் காட்டுல தனியா விட்டுட்டு நான் வரல," என்றானாம். ஒரு நாள் காத்திருப்போம் என்று தங்கியவர்கள் அப்படியே தங்கிவிட்டார்கள். வீடு கட்டுமுன், கோயில் கட்டுமுன், கல்லறைக்கு வேலி போட்டார்கள். அவன் கொத்தன் இல்லை, நெசவுக்காரன். ஓடைக்கரையின் சிவப்புக் கல்லில் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து எழுத்து வெட்டினான். எழுத்துகள் வரவர இறங்கிக்கொண்டே போய்க் கடைசி வரி கோணலாக முடியும். சின்ன வயதில் அதில் விரல் வைத்துத்தான் எழுத்துக் கற்றுக்கொண்டோம், நானும் இர்மாவும்.

அப்பாவின் அம்மாவுக்கு அவள் பெரியம்மா முறை.

அப்பா சம்மட்டியை ஓங்கியபோது, "நில்லுங்க," என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். பக்கத்தில்தான் நின்றேன். அவருடைய தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது அடியில் உடைந்தது.

அதற்குப் பிறகு எல்லோரும் ஆரம்பித்தார்கள். வால்பூர்கா அத்தைக்கு அங்கே மூன்று சின்னக் கல். மூன்றும் பாலகர்கள். அவள் யாரையும் தொட விடவில்லை. தானே கோடாலியின் பின்பக்கத்தால் அடித்தாள். அழவில்லை. அடிக்கும்போது ஒவ்வொரு பெயரையும் சொன்னாள்.

எமில் மட்டும் உடைக்க மாட்டேன் என்றான். "முழுசா வீட்டுக்குக் கொண்டுபோறேன். வைக்கோலுக்கு அடியில போட்டா எவன் பாக்கப்போறான்."

இர்மாவின் கல் பெரியது, கனமான கருங்கல். பலகை சாய்த்து வண்டியில் ஏற்றினார்கள். மாடு ஒன்று மிரண்டு முன்னால் இழுத்தது. பலகை நழுவியது. கல் அவன் காலின்மேல் விழுந்தது.

அவன் கத்தின சத்தம்—

அக்டோபர் 1. வியாழன்

டவுன் ஆஸ்பத்திரியில் எமிலின் காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். மரம் அறுக்கிறவனுக்குக் கால் இல்லாமல் என்ன உயிர்?

அவன் மகள் வில்மா எங்கள் வீட்டில் இருக்கிறாள். ஒன்பது வயது. ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "டீச்சர், அம்மாவோட கல்லுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்று கேட்டாள். இல்லை, முழுசாக இருக்கிறது என்றேன்.

அது உண்மை. அந்தக் கல்லில் ஒரு கீறல்கூட இல்லை.

அக்டோபர் 11. ஞாயிறு

கூனோ சரக்கு எடுக்க ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊருக்குப் போய் வந்தார். எங்கள் வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னார், நான் உள்ளே ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

"அங்கெல்லாம் சுண்ணாம்புதான் பூசியிருக்காங்க பெர்த்தோல்ட் அண்ணே. வரிசையா வெள்ளை வெளேர்னு நிக்குது. ஒரு கல்லும் உடைக்கல. நமக்கு மட்டும் ஏன் இப்படி?"

"அந்த அமாரோவுக்கு நம்ம மேல என்னவோ கோபம்," என்றார் அப்பா. "ஒலிண்டா எவ்வளவு கெஞ்சியிருப்பா. அவ இல்லன்னா இன்னும் மோசமா ஆகியிருக்கும்."

மாவு கையில் ஒட்டிக்கொண்டே வந்தது. மறுபடி மறுபடி பிசைந்தேன். ரொட்டி கல்லாகிவிட்டது. அப்பா காபியில் தோய்த்துச் சாப்பிட்டார்.

நவம்பர் 2. திங்கள். கல்லறைத் திருநாள்

அமாரோ குதிரையில் வந்தார், பார்வையிட. ஊர் முழுக்க மேட்டில் நின்றது. கல் இருந்த இடங்களில் வெறும் குழி. மழைத் தண்ணீர் நின்றது. எந்தக் குழி யாருடையது என்று சிலருக்கு இப்போதே சந்தேகம். இரண்டு வீட்டார் ஒரே மண்மேட்டில் பூ வைத்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் இறங்கி நடந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். என் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில், "நான் இவ்வளவு கேக்கலையே டீச்சர்," என்றார். "ஏன் இப்படிப் பண்ணினாங்க?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். ஊர் முழுக்க என் வாயைப் பார்த்தது. அப்பா பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "என்னம்மா சொல்றாரு?"

"திருப்தின்னு சொல்றாரு," என்றேன்.

வால்பூர்கா அத்தை தரையில் துப்பினாள். அமாரோ அதைப் பார்த்தார். அது எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. அவர்மேல் துப்பவேண்டியது இல்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். இன்று எதற்குச் சொன்னேன்? இன்று அப்பாவுக்கு எந்த ஆபத்தும் இல்லையே. இன்று என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னேன்.

நவம்பர் 29. ஞாயிறு

எமிலுக்கு ஊன்றுகோல் பழகிவிட்டது. காலையில் பள்ளிக்கு முன்னும் மாலையில் பின்னும் அவன் வீட்டுக்குப் போகிறேன். பசு கறக்கிறேன், மரவள்ளி வேகவைக்கிறேன், துணி துவைக்கிறேன். எதைச் செய்தாலும் இன்னும் செய்யவேண்டும்போல இருக்கிறது.

வால்பூர்கா அத்தை முதுகில் தட்டி, "உன்னை மாதிரிப் பொண்ணு எங்க இருக்கா. செத்துப்போன சிநேகிதிக்காக இப்படி உழைக்கிறியே," என்றாள். ஒரு கூக்கா கேக் சுட்டுக் கொடுத்தனுப்பினாள்.

அதை அப்படியே வில்மாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

1943 ஜனவரி 17. ஞாயிறு

வெயில் தாங்கவில்லை. எமிலின் பின்வாசலில் நிழலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்தேன். அவன் கூடை முடைந்துகொண்டிருந்தான். இப்போது அதைத்தான் விற்கிறான். வைக்கோல் போருக்கு அடியில் இர்மாவின் கல் இருக்கிறது, கடைசியில் கூனோவும் மற்றவர்களும் கொண்டுவந்து போட்டது. நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

திடீரென்று சொன்னான். "ஒலிண்டா, ஊர்ல என்ன பேசிக்கிறாங்கன்னு தெரியும்ல?"

"என்ன?"

"நீ இங்கயே வந்துடலாம்னு. நான் ஒத்தக்காலன். கேக்கறதுக்கு எனக்கு மூஞ்சி இல்ல. ஆனா வில்மா தூக்கத்துல உன் பேரைச் சொல்லுது. இர்மா இருந்தாலும் உன்னைத்தான் சொல்லியிருப்பா."

உரித்த அவரைக்கொட்டை மடியிலிருந்து கொட்டிவிட்டது. குனிந்து பொறுக்கினேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவன் நான் வெட்கப்படுவதாக நினைத்துச் சிரித்தான். விபத்துக்குப் பிறகு அவன் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

எனக்கு அவனைப் பிடிக்கும். இதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஜனவரி 20. புதன்

சொல்லிவிட்டேன்.

நின்றுகொண்டே சொன்னேன். அமாரோ சொன்னது, நான் சொன்னது, சுவரில் ஓடிய சுண்ணாம்பு, எல்லாம். திருநாளன்று சொன்னதையும்.

அவன் கூடையைக் கீழே வைத்தான். "பூசினா போதும்னு சொன்னாரா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "அப்ப அது அங்கயே நின்னிருக்கும்," என்றான். கல்லைச் சொன்னான். காலைச் சொல்லவில்லை.

"எமில், என்னை—"

"பேசாத. வீட்டுக்குப் போ."

வாசல்வரை வந்ததும் பின்னாலிருந்து சொன்னான். "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நின்னு சொன்ன. இதையும் எல்லார் முன்னாடியும் நின்னு சொல்லு. எனக்கு மட்டும் சொல்லிட்டு நீ நிம்மதியாத் தூங்கப் போறியா?"

ஜனவரி 31. ஞாயிறு

வில்மா பத்து நாளாக எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எமில் ஊரில் வாய் திறக்கவில்லை என்று தெரிகிறது. வால்பூர்கா அத்தை இன்றும் சிரித்தாள். எப்படிச் சொல்வது? கொட்டகையில் கூடியதாக யாரோ சொல்லிவிட்டதால், பக்கத்து ஊரில் நாலு பேரைப் பிடித்துப்போனார்கள். இப்போது யாரும் யார் வீட்டிலும் கூடுவதில்லை. சங்கத்தின் வருடக் கூட்டம் ஒன்றுதான் அனுமதியோடு நடக்கும். அதில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருப்பார். போர்ச்சுகீசியத்தில்தான் பேசவேண்டும்.

சரி. போர்ச்சுகீசியத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி 18. வியாழன்

நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தேன். வரிசையாக எழுதிவிட வேண்டும்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, கோயில் கூடத்தில். அப்பா மேசைக்குப் பின்னால் தலைவர் நாற்காலியில். ஆண்கள் பெஞ்சுகளில், பெண்கள் பின்னால் நின்றார்கள். எமில் கதவோரம், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு. போலீஸ்காரன் சின்னப் பையன், மீசை இப்போதுதான் அரும்புகிறது, தூங்கி வழிந்தான். அப்பா மனப்பாடம் செய்த இரண்டு வரியைப் போர்ச்சுகீசியத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நான் கையைத் தூக்கினேன். பெண்கள் அந்தக் கூட்டத்தில் பேசுவது வழக்கமில்லை. ஆனால் நான் டீச்சர். எழுந்து, தயாரித்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். நல்ல போர்ச்சுகீசியம். தவறே இல்லாத இலக்கணம். என் குற்றத்தை அவ்வளவு அழகாகச் சொன்னேன்.

ஒரு முகமும் மாறவில்லை.

பின்னால் வால்பூர்கா அத்தை யாரிடமோ கிசுகிசுத்தது கேட்டது. "என்ன சொல்றா?" கூனோவுக்குச் சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்கு அந்த மொழி தெரியும். அவர் சொன்னார்: "வேலி கட்டறதப்பத்திப் போலருக்கு."

சிலர் தலையசைத்தார்கள். அப்பா என்னைப் பார்த்துப் பெருமையாகப் புன்னகைத்தார்.

அப்படியே உட்கார்ந்திருக்கலாம். சொல்லிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கலாம். எமில் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நம் பேச்சுக்கு மாறினேன்.

"அவரு கல்லை எடுக்கச் சொல்லல. எழுத்தை மறைச்சாப் போதும்னுதான் சொன்னாரு. எடுக்கணும்னு சொன்னது நான். நானாச் சொன்னேன்."

போலீஸ்காரப் பையன் விழித்துக்கொண்டான். "டீச்சர், வேண்டாம். உட்காருங்க," என்றான், கெஞ்சுவதுபோல. நான் நிறுத்தவில்லை. கூனோ சுண்ணாம்பு பற்றிக் கேட்டதையும், நான் போதாது என்றதையும், திருநாளன்று அமாரோ உண்மையில் கேட்டதையும் சொன்னேன். பையன் வந்து என் முழங்கையைப் பிடித்தான். பிடித்தபிறகும் பேசினேன். என் வாழ்க்கையிலேயே அந்தக் கூடத்தில் அவ்வளவு சத்தமாக யாரும் ஜெர்மன் பேசிக் கேட்டதில்லை, போதகரைத் தவிர.

யாரும் கத்தவில்லை. கூனோ தலையைக் கவிழ்த்துக்கொண்டார். வால்பூர்கா அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"என் கையாலயே உடைக்க வச்சியேடி," என்றாள்.

அவ்வளவுதான்.

டவுன் லாக்கப்பில் வைத்தார்கள். சிமெண்டுத் தரைதான், அவர் பொய் சொல்லவில்லை. மறுநாள் அமாரோ வந்தார். என் குற்றம் பொது இடத்தில் தடை செய்த மொழியில் பேசியது. அது மட்டும்தான் குற்றமாம். பையனுக்கு விஷயம் புரியவில்லை. என்ன பேசினேன் என்று அமாரோ என்னிடமே கேட்டார். சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அஞ்சு மாசமா இந்த மலையில எந்த வீட்லயும் எனக்கு ஒரு குவளை தண்ணி குடுக்க மாட்டேங்கறாங்க. ஏன்னு இப்பத்தான் தெரியுது."

அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவரிடம் கேட்கவேண்டி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

"விடுங்க. நானும் அந்தச் சிமெண்டுத் தரையைச் சொல்லியிருக்க வேண்டியதில்ல," என்றார். புதன்கிழமை விட்டுவிட்டார். வேலை போய்விட்டது, அது அவர் கையில் இல்லையாம்.

பிப்ரவரி 21. ஞாயிறு

அப்பா நான் வந்ததிலிருந்து பேசவில்லை. உப்பு, தண்ணீர், கதவைச் சாத்து, அவ்வளவுதான். இன்று தாங்காமல் சொன்னேன்: "உங்களைப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்கன்னுதான்பா. உங்களுக்காகத்தான்."

கையிலிருந்த கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"அதை மட்டும் சொல்லாத. எழுபது வயசுல சம்மட்டியைத் தூக்கி எங்க பெரியவளோட கல்லை உடைச்சேன். அதுவே எனக்குப் போதும். எனக்காகத்தான் நடந்ததுன்னு அதையும் தூக்கி என் மேல வைக்காத."

தலைவர் பதவியை விட்டுவிட்டார். கூனோ கையில் கல்லறை வேலிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார்.

மார்ச் 14

சந்தையில் முட்டை விற்கப் போனேன். யாரும் வாங்கவில்லை. திட்டவும் இல்லை.

மே 9. ஞாயிறு

எமில் வந்தான். வண்டியிலிருந்து இறங்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே பேசினான்.

"நான் சொன்னதை நீ செஞ்ச. அதனால நேர்ல வந்து சொல்றேன். நான் கேட்டத மறந்துடு."

"தெரியும்," என்றேன்.

"வெறுக்கணும்னு பார்த்தேன், அதுவும் வரல. ஆனா தெனமும் காலையில எந்திரிச்சதும் காலை ஊனப் போறேன். அது இல்லன்னு தெரியறப்ப உன் மூஞ்சி வருது. அப்படி ஒருத்தியைப் பக்கத்துல படுக்க வச்சுக்க முடியாது ஒலிண்டா."

சரி என்றேன். கிளம்பும்போது, "வில்மா கணக்குல ரொம்ப மோசம். புது டீச்சர் அடிக்கிறா. சாயங்காலம் அனுப்பட்டுமா?" என்று கேட்டான்.

அனுப்பச் சொன்னேன். வண்டி திருப்பத்தில் மறையும்வரை நின்றேன். அப்புறம் மாட்டுக் கொட்டகைக்குப் போய் அழுதேன். பசு மட்டும் பார்த்தது.

1944 ஜூலை 23. ஞாயிறு

அப்பாவை நேற்று அடக்கம் செய்தோம். இந்த ஊர் ஜூலைக் குளிர் தாங்காமல் மார்ச்சளி. கடைசி நாட்களில் தலைமாட்டில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்திலிருந்து படித்தேன், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, நம் மொழியில். ஒருநாள் இடையில் நிறுத்தி, "உங்கம்மா இதே பாட்டைத் தப்பாப் பாடுவா," என்றார். மன்னித்தாரா? கேட்கவில்லை. கேட்டால் அதையும் அவர்மேல் வைத்ததாகிவிடும்.

ஊர் முழுக்க வந்தது, அவருக்காக. சவப்பெட்டியை இறக்கும்போது ஒரு பக்கக் கயிற்றைப் பிடிக்க ஆள் குறைந்தது. எமில் ஊன்றுகோலைப் போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தான். மரச் சிலுவையில் பெயரும் வருடமும் மட்டும். பெயருக்கு மொழி இல்லையே.

வால்பூர்கா அத்தை என்னைத் தாண்டிப் போனாள். நான் அங்கே நிற்கவே இல்லை என்பதுபோல.

1945 மே 13

போர் முடிந்துவிட்டது. கூனோ கடை வாசலில் யாரோ துருத்தி வாத்தியம் வாசித்தார்கள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே.

நவம்பர் 18

மறைத்து வைத்த கல்லை வெளியே எடுத்தார்கள். இர்மாவின் கல் மேட்டுக்குத் திரும்பிப் போயிற்று. நான் தூரத்தில் சாலையிலிருந்து பார்த்தேன். நட்டு முடித்ததும் வில்மா அதைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

உடைத்தவர்களுக்கு எடுக்க என்ன இருக்கிறது? துண்டுகளைச் சேர்த்து வேலிக்கு அடித்தளமாகப் போட்டுவிட்டார்கள். டொரொத்தேயாவின் இடம் எல்லோருக்கும் தெரியும். மற்றது பாதி ஊகம்தான்.

1946 நவம்பர் 1. வெள்ளி

நாளை கல்லறைத் திருநாள். ஒவ்வொரு வருடமும் முந்தின நாள் பெண்கள் மேட்டைச் சுத்தம் செய்வார்கள். நான் மூன்று வருடமாக அவர்கள் போனபிறகுதான் போகிறேன். இன்று நேரத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன். வெயில் இறங்கியும் அவர்கள் போகவில்லை. திரும்பிவிடலாமா என்று வேலி ஓரம் நின்றேன்.

வால்பூர்கா அத்தை சின்னக் குழந்தைகளின் வரிசையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மூன்றும் எவை என்று அவளுக்கே இப்போது நிச்சயமில்லை. அதனால் அந்த வரிசை முழுக்க, யார் பிள்ளை என்று பார்க்காமல், எல்லா மேட்டையும் அவளே கொத்திக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தாள்.

மற்றப் பெண்கள் கையை நிறுத்தினார்கள்.

"சும்மா ஏன் மரம் மாதிரி நிக்கிற?" என்றாள். "ஓடையில போய்த் தண்ணி கொண்டா. செடி நட்டது வாடுது."

வாளி அவள் காலடியில் இருந்தது. உள்ளே போய் எடுத்துக்கொண்டேன். ஓடைக்குப் போகும் பாதை செங்குத்து. நிரப்பி ஏறி வரும்போது பாவாடை நனைந்துவிட்டது.

வாளியை எட்டிப் பார்த்தாள். "பாதியை வழியிலயே கொட்டிட்டு வந்திருக்கா பாரு. படிச்சவளாம்." யாரோ ஒருத்தி சிரித்தாள்.

மறுபடி போனேன். மறுபடியும். கடைசி மேடுவரை ஊற்றி முடிக்கும்போது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கிளம்பும்போது அவள் களைக்கொத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "காலையில பூ கொண்டா. வெள்ளை மட்டும். கலர்ப் பூவெல்லாம் பிள்ளைங்களுக்கு ஆகாது."

கை முழுக்கக் கொப்புளம். வெந்நீரில் வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தோட்டத்தில் வெள்ளை ரோஜா கொஞ்சம்தான் இருக்கும். விடிந்ததும் பார்க்கவேண்டும். போதாவிட்டால் எமில் வீட்டு வேலியில் லில்லி பூத்திருக்கிறது, வில்மாவிடம் கேட்கலாம்.